இல்லாத வில்ஃபோர்டின் பெயரால்



இந்த நினைவு நாளில் 'ஸ்னோபியர்சர்' (2020–2024) என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசுவோம். அதில் உலகம் உறைந்துவிட்டது. எஞ்சிய மனிதர்கள் 1,001 பெட்டிகள் கொண்ட, நிற்காமல் ஓடும் ரயிலில் வாழ்கிறார்கள். முன்னால் முதல் வகுப்பு. வால்பகுதியில் பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்கள். எதிர்த்தால் அவர்கள் கையை வெளிக்குளிரில் நீட்டி உறையவைப்பார்கள்.

ஆணைகள் எல்லாம் முதலாளி வில்ஃபோர்டின் பெயரால் வருகின்றன. அவரோ ரயிலிலேயே இல்லை. பொறியாளர் மெலனிதான் ஆள்கிறார். கொலைக்குற்றம் உறுதியான முதல் வகுப்புப் பெண்ணும் அந்தப் பெயராலேயே விடுவிக்கப்படுகிறாள். கொதித்துப்போன மூன்றாம் வகுப்பு உழைப்பாளிகள் வால்பகுதித் தலைவர் லேட்டனோடு சேர்கிறார்கள். எழுச்சி வெல்கிறது.

பிறகு உண்மையான வில்ஃபோர்ட் வேறொரு ரயிலில் வருகிறார். நாளடைவில் மூன்றாம் வகுப்பிலும் பலர் சிவப்பு விளக்கேற்றி அவர் பக்கம் சாய்கிறார்கள். துரோகம் என்று சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. தமக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது என்ற நிம்மதி அவர்களுக்குப் பறிபோயிருந்தது. படிநிலைச் சமத்துவமின்மை பற்றி அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இங்கே பொருந்துகிறது: இழக்க ஒரு படி இருப்பவர் ஏணியைக் காக்கவே பார்ப்பார்.

ஆனாலும் ரூத்தைப் பாருங்கள். கை உறையவைக்கும் தண்டனையை முன்னின்று நடத்திய வில்ஃபோர்டின் விசுவாசி, பின்னாளில் அவருக்கு எதிரான போராட்டத்தை நடத்துகிறார். மனிதர்கள் மாறுவார்கள்.

ஆகவே கைகோக்க வருபவரை நாம் விலக்க வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்போம்: உங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லாத ரயிலில் பயணம் செய்யச் சம்மதமா?

ஜெய் பீம்.