பொறியும் சுருக்கும்



லிந்துலையில் பொழுது புலரும் வேளையை அறிந்தவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். ஆக்ரா ஓயாவின்மேல் பனி படிந்து கிடக்கும். பெரட்டுக்குப் புறப்படுமுன் லயத்து வாசலில் ஒரு கணம் நிற்பவரின் செவியில், கானோரத்துப் புதரிலிருந்து ஒரு கொண்டைக்குருவியின் குரல் வந்து விழும். கண்ணின் பின்னே மஞ்சள் இறகுக் கற்றையொன்றைச் சூடிய அக்குருவி இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் வாழ்வதில்லை. இவ்வாறு நம் தீவுக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுட் சில மலைநாட்டையே தம் வீடாகக் கொண்டவை. இச்செல்வத்தை நாம் எங்ஙனம் காப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பறவைகளைக் காப்பதற்காகப் பொறி வைக்கும் மக்கள் ஒரு நாட்டில் இருக்கின்றனர். அந்நாடு நியூசிலாந்து. மனிதர் அங்குச் சென்று குடியேறுமுன், வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கு இருந்ததில்லை. ஆதலின் அந்நாட்டுப் பறவைகள் பல, தரையிலே கூடு கட்டின. சில பறத்தலையே மறந்தன. பின்னர் கப்பல்களோடு எலிகள் வந்தன. மென்மயிர் வாணிபத்துக்காகப் பொசம் என்னும் விலங்கு கொண்டுவரப்பட்டது. பெருகிவிட்ட முயல்களை அடக்கவென்று, கீரியைப் போன்ற ஸ்டோட் என்னும் விலங்கை 1880களில் கொண்டுவந்து விட்டனர். அதுவோ முயலோடு நில்லாது குஞ்சுகளையும் முட்டைகளையும் தேடித் தின்றது. ஸ்டீவன்ஸ் தீவில் 1894ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. அங்கு வந்து சேர்ந்த பூனைகளின் வாயில், பறக்க மாட்டாத ஒரு சிறு குருவியினம் சில ஆண்டுகளுக்குள் அடியோடு அழிந்தது.

இந்த இழப்பை உணர்ந்த அந்நாட்டு மக்கள், இன்று தம் கொல்லைப்புறங்களிலும் காட்டு வழிகளிலும் மரப்பெட்டிப் பொறிகளை வைக்கின்றனர். ஆசிரியர், மாணவர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் கூலி பெறாது இத்தொண்டைச் செய்கின்றனர். எலி, ஸ்டோட், பொசம் ஆகியவற்றை 2050ஆம் ஆண்டுக்குள் நாட்டினின்றும் நீக்குவதென அரசாங்கம் 2016இல் குறிக்கோள் வகுத்தது.

அவ்வாறாயின் நாமும் பொறி வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நியூசிலாந்தின் காட்டுப் பொறியில் அகப்படும் நாலுகால் விலங்கு ஏறத்தாழ எப்பொழுதும் அந்நியமானது. நம் மலைகளின் நிலை அதுவன்று. சிறுத்தை, மீன்பிடிப் பூனை, உலகின் மிகச் சிறிய காட்டுப்பூனைகளுள் ஒன்றாகிய துருப்புள்ளிப் பூனை, மரநாய், கீரி ஆகியவை நம் காடுகளின் பழங்குடிகள். நம் பறவைகள் அவற்றோடு வாழப் பழகியவை. கண்ணில்லாத பொறிக்கு வீட்டுப் பூனை எது, காட்டுப்பூனை எது என்று தெரியாது.

பொறியினும் கொடியது கம்பிச் சுருக்கு. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றிக்கென்று அது வைக்கப்படுகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், மிக அரிதாகவே காணப்படும் கருஞ்சிறுத்தையொன்று அத்தகைய சுருக்கில் கழுத்து அகப்பட்டது. அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தனர். எனினும் சில நாட்களில் அது மாண்டது. சுருக்கு வைப்பவரைத் தூற்றுவது எளிது. ஒரு துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கை ஒரே இரவில் இழந்தவரின் துயரமும் உண்மையே. அவருக்கு உறுதியான வேலியும், அயலார் முறைவைத்துக் காவலிருக்கும் துணையும் வேண்டும். அவையின்றி அறிவுரை மட்டும் கூறுவது நியாயமாகாது.

இனி, நம்மிடையே அந்நியராய் வந்த வேட்டையாளர் யார்? நாம் வளர்க்கும் பூனையும் நாயும் அல்லவா! தொழில் தேடிக் குடும்பம் கொழும்புக்குச் செல்கிறது. பூனை லயத்திலே தங்கிவிடுகிறது. பசித்த பூனை கூட்டைத் தேடுகிறது. காகம் நம் நாட்டுப் பறவையே. ஆயினும் ஹோட்டன் சமவெளிக்கு வருவோர் எறியும் உணவு மிச்சமே அதனை அங்கு மிகுதியாக ஈர்த்தது. அங்குள்ள அரிய கொம்புப் பல்லிகள் அதற்கு இரையாகின்றன.

ஆகவே நமக்குரிய தொண்டு வேறு வகையானது. இரவிலே பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாத குட்டிகள் பெருகாதவாறு கருத்தடை செய்வியுங்கள். குடிபெயரும்போது அதனைக் கைவிடாது, வளர்க்க இசைவோரிடம் ஒப்படையுங்கள். லயத்துக் குப்பையையும் சுற்றுலாவின் மிச்சத்தையும் திறந்த வெளியில் எறியாதீர்கள். தேயிலை மலையிலும் காட்டோரத்திலும் வெறுமையாய்க் கிடக்கும் சுருக்கைக் கண்டால், தோட்ட நிருவாகத்துக்கோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ அறிவித்து அகற்றச் செய்யுங்கள். அதில் விலங்கு அகப்பட்டிருந்தால் ஒருவரும் அணுகலாகாது. கூட்டம் கூடினால் விலங்கு வெகுண்டு துள்ளும், சுருக்கு இறுகும், கம்பி அறுந்தால் மனித உயிருக்கும் ஆபத்து. திணைக்கள அலுவலர் வரும்வரை பிறரை விலக்கி நிறுத்துவதே பேருதவியாகும்.

நியூசிலாந்தின் தொண்டர் பொறியை வைத்துப் பறவையைக் காக்கின்றார். லிந்துலையின் தொண்டரோ சுருக்கை எடுப்பித்துக் காட்டைக் காத்தல் வேண்டும். செயல் இரண்டு, நோக்கம் ஒன்றே. மனிதர் கையால் வந்த கேட்டை மனிதர் கையே நீக்குதல் அது. நாளைக் காலை பெரட்டுக்குப் போகும் வழியில் அக்குருவியின் குரல் கேட்குமாயின், இப்பேச்சை ஒருகணம் நினைவு கூருங்கள்.