அறிவிப்பாளர் சொல்லியும் பதிவாகாத பெயர்

1980-களின் முற்பகுதி. வட ஜெர்மனியில் பதின்வயதுப் பையன் ஒருவன் கேசட் ரெக்கார்டரை வானொலிக்கு அருகில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். பாட்டு ஆரம்பித்ததும் பதிவுப் பொத்தானை அழுத்துவான். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் நிறுத்திவிடுவான். கேசட்டில் பாட்டு மட்டும் இருக்க வேண்டும், நடுவே பேச்சு எதற்கு என்பது அவன் எண்ணம். அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த நேயர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்களும் அறிவிப்பாளர்களை இப்படித்தான் வெட்டித் தள்ளினார்கள்.

அவன் கேட்டது என்.டி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் வட ஜெர்மன் ஒலிபரப்பு நிலையத்தை. ஹாம்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட நிலையம் அது. பையன் அதிலிருந்து பதிவு செய்த கேசட்டுகளில் தி க்யூர், எக்ஸ்.டி.சி. போன்ற பெயர் தெரிந்த குழுக்களுக்கு நடுவே, யாருடையது என்றே தெரியாத ஒரு பாட்டும் இருந்தது. துடிப்பான கிட்டார், கீபோர்டு, கனத்த குரலில் ஓர் ஆண் பாடும் ஆங்கிலம். பாட்டின் பெயரையும் குழுவின் பெயரையும் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அந்த அறிவிப்பாளர். அவர் பேச்சைத்தான் பையன் பதிவு செய்யவில்லையே!

பிறகு அவன் பெயர் தெரியாத பாட்டுகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தான். தொகுப்புக்கு ஜாய் டிவிஷன் குழுவின் 1979-ஆம் ஆண்டு ஆல்பத்தின் பெயரையே வைத்தான்: 'அன்நோன் பிளெஷர்ஸ்'. இளமைக் குறும்புதான், ஆனால் பொருத்தமான பெயர். காலப்போக்கில் அதிலிருந்த மற்றப் பாட்டுகளுக்கு முகவரி கிடைத்தது. இது மட்டும் மிஞ்சியது. 2007-இல் அவனுடைய சகோதரி பாட்டின் ஒரு பகுதியை இணையத்தில் போட்டு, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-இல், பிரேசிலைச் சேர்ந்த ஒரு பதின்வயதுப் பையன் கண்ணில் அது பட்டது. அவன் அதை ஊரெல்லாம் பரப்பிவிட, 'இணையத்தின் மிக மர்மமான பாட்டு' என்ற பட்டம் அதோடு ஒட்டிக்கொண்டது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் தேடலில் இறங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். பாட்டைக் கேட்கவைத்தால் பெயர் சொல்லும் செயலிகள்தான் இருக்கின்றனவே? 2002-இல் பிரிட்டனில் தொடங்கிய ஷஸாம் செய்வதும் அதைத்தானே? உண்மையில் ஷஸாமுக்கு இசை ஞானம் எதுவும் கிடையாது. ஒலியில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. அது அந்தப் பதிவின் கைரேகை மாதிரி. பிறகு தன்னிடம் உள்ள கோடிக்கணக்கான ரேகைகளில் இதற்குப் பொருந்துவது உண்டா என்று பார்க்கிறது. இசைத்தட்டாகவே வெளிவராத பாட்டுக்கு அந்தக் கிடங்கில் ரேகை ஏது?

எனவே தேடியவர்கள் தங்கள் காதுகளையே நம்பினார்கள். கீபோர்டின் ஒலி யமஹா டி.எக்ஸ்.7 மாதிரி இருக்கிறது, அந்தக் கருவி விற்பனைக்கு வந்தது 1983-இல், ஆகவே பாட்டு அதற்குப் பிந்தியது என்றார்கள் சிலர். இது நல்ல துப்பறிதல். பாடுபவரின் உச்சரிப்பை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கப் பார்த்ததைத்தான் அப்படிச் சொல்ல முடியாது. ஆங்கிலம் அவர் தாய்மொழி இல்லை என்பது வரை சரி. அதற்கு மேல் ஆளுக்கொரு நாடு சொன்னார்கள். சந்தேகம் ஆஸ்திரியாவுக்குப் போனது, கிரீஸுக்குப் போனது, கிழக்கு ஐரோப்பாவையும் விட்டுவைக்கவில்லை. பாடல் வரிகளை எழுதிப் பார்த்ததில் ஆளுக்கொரு பாடம் கிடைத்தது. தற்காலிகப் பெயராக 'லைக் த விண்ட்' என்று வைத்துக்கொண்டார்கள்.

நிலையத்தையும் விடவில்லை. என்.டி.ஆரில் அந்த ஆண்டுகளில் புதுவகை இசையை ஒலிபரப்பிவந்த பால் பாஸ்கர்வில் என்ற ஆங்கிலேயத் தொகுப்பாளரைக் கேட்டார்கள். அவருக்கு நினைவில்லை. வாரம் வாரம் எத்தனை புதுக் குழுக்களைப் போட்டவர், நாற்பது ஆண்டு கழித்து ஒன்றை மட்டும் நினைவு வைத்திருப்பாரா? நிலையத்தின் பழைய ஒலிபரப்புப் பட்டியல்களைப் புரட்டியவர்களுக்கும் பயன் இல்லை. இசைப் படைப்பாளர்களின் உரிமையைக் காக்கும் கெமா என்ற ஜெர்மன் அமைப்பிடம் பெரிய பதிவேடு உண்டு. ஆனால் அதில் தேட முதலில் தலைப்போ ஆசிரியர் பெயரோ வேண்டும். பெயரைக் கண்டுபிடிக்கவே பெயர் தேவை என்றால் என்ன செய்வது?

முடிச்சு அவிழ்ந்தது 2024-இல். மரைன்1412 என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டுவிட்டுப் பழைய செய்தித்தாள்களைப் படிக்கத் தொடங்கினார். 1980-களில் என்.டி.ஆர். தொடர்புடன் ஹாம்பர்க்கில் 'ஹோர்ஃபெஸ்ட்' என்றொரு புதுக் குழுக்களின் இசைப்போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட சின்னச் சின்னக் குழுக்களை ஒவ்வொன்றாக அலசியபோது, கீல் நகரத்துக் குழு ஒன்றைப் பற்றிய செய்தி அகப்பட்டது. குழுவின் பெயர் ஃபெக்ஸ். அதன் கீபோர்டு கலைஞர் மிகைல் ஹேட்ரிஷைத் தேடிப் பிடித்துப் பழைய பதிவுகள் இருக்கின்றனவா என்று விசாரித்தார். ஹேட்ரிஷ் அனுப்பினார். கேட்டால், அதே பாட்டு! உலகமே தன் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தது அதுவரை அவருக்குத் தெரியாது.

2024 நவம்பர் 4-ஆம் தேதி விவரம் வெளியானது. பாட்டின் உண்மையான பெயர் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்'. பாடியவர் ட்யூரே ரூக்வார்ட், பேஸ் கிட்டார் நோர்பர்ட் சீர்மன், டிரம்ஸ் ஹான்ஸ்-ரைமர் சீவர்ஸ். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைப்புச் சொற்கள் பாட்டுக்குள்ளேயே வருகின்றன. தேடியவர்கள் அவற்றைப் பல நூறு முறை கேட்டிருந்தார்கள். தலைப்பு என்று ஊகித்ததுதான் வேறு வரி.

இன்னொன்றும் உண்டு. ஃபெக்ஸின் ஊரான கீல், ஹாம்பர்க்கிலிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை. என்.டி.ஆர். ஒலிபரப்பு எல்லைக்குள்ளேயே இருக்கும் துறைமுக நகரம். கிரீஸ் வரை போய்த் தேடியதற்குப் பதில் நிலையத்தின் அக்கம்பக்கத்தைத் துருவியிருக்கலாமே என்று இப்போது சொல்வது எளிது. ஆனால் குழு இசைத்தட்டு ஒப்பந்தம் எதுவும் கிடைக்காமல் கலைந்துபோனது. பாடியவர்கள் வீட்டில் பெயரோடு ஒரு கேசட் கேட்பாரற்றுக் கிடந்தது. ரசிகன் வீட்டில் பெயர் இல்லாத கேசட்டை உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துவைத்தது ஒரு பழைய செய்தித்தாள்.

அதே 2024-இல் இன்னொரு மர்மமும் தீர்ந்தது. வெறும் 17 நொடிகளே கைவசம் இருந்த ஒரு பாட்டை 2021 முதல் தேடிக்கொண்டிருந்தார்கள். 'எவ்ரிஒன் நோஸ் தட்' என்பது தேடியவர்கள் வைத்த பெயர். பழைய விளம்பரமாக இருக்கலாம், தொலைக்காட்சி நிகழ்ச்சியாக இருக்கலாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அது கிடைத்த இடம் 1986-இல் வந்த, வயது வந்தவர்களுக்கு மட்டுமான ஒரு படம். கிறிஸ்டோபர் செயின்ட் பூத், பிலிப் ஏட்ரியன் பூத் என்ற சகோதரர்களின் பாட்டு அது, அசல் பெயர் 'அல்டீரியர் மோட்டிவ்ஸ்'. படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர்கூடவா பாட்டைக் கவனிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். கவனித்திருந்தாலும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள்.

ஒலியை விட்டு வெளியே வந்து தேடியதால் பலன் கண்டவர்கள் இவர்களுக்கு முன்பும் உண்டு. 2016-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் பழைய பொருள் கடையில் ஒருவருக்கு ஒரு குறுந்தட்டு கிடைத்தது. பான்சிகோ என்ற குழு 2000-ஆம் ஆண்டில் வெறும் முப்பது பிரதிகள் போட்ட தட்டு அது. தட்டு அரித்துப்போய், பாட்டு நடுநடுவே கரகரத்தது. அந்தக் கரகரப்பே அழகு என்று ரசித்தவர்களும் இருந்தார்கள். குழுவினர் யார் என்பதற்கு உறையில் போதிய துப்பு இல்லை. ஆனால் கடைக்காரர்கள் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. அது எந்தக் கிளையில் விற்றது என்று தெரிந்ததும், குழுவும் நாட்டிங்ஹாம் வட்டாரத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து அங்கேயே வலை வீசினார்கள். 2020-இல் பாடகர் கிடைத்தார்.

பள்ளிப் பருவத்தில் குழு சேர்த்து, யாரும் சீண்டவில்லை என்று கலைந்துபோனவர்கள் அவர்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, தாங்கள் அறியாத ஒரு ரசிகர் கூட்டம் தங்களுக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். மறுபடியும் ஒன்றுகூடினார்கள், அமெரிக்கா வரை போய்க் கச்சேரி செய்தார்கள். 2023-இல் புதுப் பாட்டுகளோடு ஓர் ஆல்பமும் வந்தது. அதன் தலைப்புக்கு, 'கணக்கில் தோற்றவர்கள்' என்பது போல ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.