நிரை பிடித்து எழுதும் கணினி



ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் பால்மரம் வெட்டிய கைகள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அவர்களைக் கேட்கிறோம். பால் எடுக்கும்போது முதல் நிரையில் ஒரு மங்கு, பத்தாவது நிரையில் ஒரு மங்கு, மறுபடியும் முதல் நிரை என்று ஓடுவீர்களா? மாட்டீர்கள். நிரை பிடித்து வரிசையாக ஊற்றி, வாளி நிறைந்த பிறகுதான் ஸ்டோருக்கு நடை. கணினியும் அப்படித்தான் வேலை செய்கிறது.

கணினிக்குள் கெர்னல் என்று ஒரு பகுதி இருக்கிறது. மற்ற நிரல்களுக்கெல்லாம் வேலை பங்கிடும் கங்காணி என்று வைத்துக்கொள்வோம். (அதட்டாத கங்காணி!) பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய ஒரு கெர்னல்.

வன்வட்டு என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் வட்டுகள் சாதாரணம். தட்டில் எண்ணிட்ட கட்டங்களில் செய்திகள் பதிந்திருக்கும். ஒரு சிறு கை உரிய இடத்துக்கு நகர வேண்டும். பிறகு, வேண்டிய கட்டம் சுழன்று அதன் கீழே வரவேண்டும். சுழற்சிக்காகக் காத்திருப்பது மட்டுமே சராசரி 4 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு. நமக்கு அது ஒன்றுமில்லை. கணினியோ அதற்குள் இலட்சக்கணக்கான கணக்குகளை முடித்துவிடும்.

ஆகவே கெர்னல், வரும் கோரிக்கைகளை உடனே அனுப்பாமல் சற்றே நிறுத்திவைக்கிறது. 100 முதல் 107 வரையுள்ள கட்டங்களில் எழுத ஒரு கோரிக்கை காத்திருக்கிறது. அடுத்து 108 முதல் 115 வரை எழுத ஒன்று வந்தால், அதை வாலில் ஒட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 92 முதல் 99 வரை என்றால் தலையில் ஒட்டும். மூன்று நடை ஒரே நடையாகிறது. படிப்பதைப் படிப்பதோடுதான் சேர்க்கும், எழுதுவதோடு சேர்க்காது.

இதில் ஓர் அநியாயமும் நேரலாம். பக்கத்துக் கட்டங்களுக்கே வேலை வந்துகொண்டிருந்தால், கடைசி லயத்து வீட்டுக்காரர்போலத் தூரத்துக் கட்டம் காத்தே கிடக்கும். 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பில், டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஒரு முறை இதற்குக் கெடு வைத்தது. படிக்கும் கோரிக்கைக்கு அரை விநாடி, எழுதும் கோரிக்கைக்கு 5 விநாடி. படிப்பதற்கு ஏன் சலுகை? படிக்கக் கேட்ட நிரல் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். எழுதக் கொடுத்ததோ தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். 'சேமி' என்று அழுத்தியதும் எழுத்து வட்டுக்குப் போய்விட்டதாக எண்ணுகிறோம். அது முதலில் கணினியின் நினைவகத்தில்தான் நிற்கிறது. லினக்ஸில் 30 விநாடிகூட அப்படி இருக்கலாம். விரலியில் சுழலும் தட்டு இல்லை. ஆனாலும் சேர்த்து அனுப்பினால் கட்டளைகள் குறையும் என்பதால் அதற்கும் இதே காத்திருப்புத்தான்.

எங்கள் பள்ளியில் மாணவி ஒருத்தி, பாட்டியிடம் கேட்டுத் தோட்டத்துக் கதையை நான்கு பக்கம் தட்டெழுதி விரலியில் சேமித்தாள். பள்ளிப் பேருந்தின் ஹாரன் கேட்டதும் விரலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வீட்டில் திறந்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

இப்போது எங்கள் கணினி அறையில், 'விரலியை எடுக்கலாம்' என்ற செய்தி திரையில் வரும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. பாட்டி கதையை மறுபடியும் சொன்னார். இரண்டாம் முறை அது ஐந்து பக்கமாக வந்தது.