பல்லை எண்ணிக் கூலி கொடுக்கும் ஒப்பந்தம் வேண்டாம்



அரசாங்கச் சம்பளம் பெறும் பல் வைத்தியர், அலுவல் நேரம் முடிந்தபின் தனியாகவும் தொழில் நடத்தலாம். அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், கற்பிட்டியில் வெங்காயம் பயிரிடுபவரும் உடப்பில் கரைவலை இழுப்பவரும் ஒருநாள் உழைப்பை இழந்தே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கின்றனர். வலி பொறுக்க முடியாத நாளில் வருவோருக்குப் பல்லைப் பிடுங்குவதே சிகிச்சையாகிவிடுகிறது.

தனியாரோடு ஒப்பந்தம் செய்து, வேலைக்கேற்பப் பணம் கொடுத்தால் குறை தீரும் என்பர் சிலர். இங்கிலாந்து 2006இல் அத்தகைய ஒப்பந்தத்தை எழுதிப் பார்த்தது. ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பல்லை அடைத்தாலும் வைத்தியருக்கு ஒரே கூலி! பழுதான வாயோடு வந்த ஏழை நட்டக் கணக்காயினான். 2022இல்தான் அவ்விதியை ஓரளவு திருத்தினர்.

நம் நிலையோ இன்னும் பாரதூரமானது. இலங்கை ஆண்களிடையே முதன்மையான புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மென்ற வாயில் தோன்றும் வெண்திட்டு பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை எவரும் வைத்தியரிடம் காட்டுவதில்லை. பல்லை எண்ணிக் கூலி கொடுக்கும் ஒப்பந்தத்தில் அத்திட்டுக்கு இடமெங்கே?

ஆகவே, ஒப்பந்தம் எழுதப்படுமாயின், இன்னின்ன கிராமங்களில் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொருவர் வாயும் பார்க்கப்படல் வேண்டும் என்பதே அதன் முதல் வாசகமாதல் வேண்டும். கூலி பற்றிய வாசகம் அதன் பின்னர் வரட்டும். நடமாடும் சிகிச்சை வண்டி முந்தலுக்கும் உடப்புக்கும் வரும் நாளும் அதிலேயே குறிக்கப்படல் வேண்டும். இக்கோரிக்கையைச் சுகாதார அமைச்சுக்கு அனுப்புகிறோம். கையொப்பத் தாள்கள் மேடையருகே வைக்கப்பட்டுள்ளன.