தேர்ச்சிக்கும் சேர்க்கைக்கும் நடுவே

(பீளமேட்டில் மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தப் பீளமேட்டில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. அவினாசி ரோட்டில் நடந்தால் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி என்று வரிசையாக வரும். டவுன் பஸ் ஏறினால் அரசு கலைக் கல்லூரி. இந்த நகரத்தின் தெருக்களை விடியுமுன் கூட்டுகிற கைகள் யாருடைய கைகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கேள்வி ஒன்றுதான். அந்தக் கைகள் வளர்த்த பிள்ளை பிளஸ் டூ பாஸ் செய்த பிறகு எங்கே போகிறது?

பள்ளியில் இடைநிற்றல் பற்றிப் பேசுகிறோம். கல்லூரிக்குள் நடக்கும் சாதிக் கொடுமை பற்றிப் பேசுகிறோம். இரண்டுக்கும் நடுவே மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு இடைவெளி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேர்ச்சி பெற்ற பிள்ளை, படிக்கணும் என்று ஆசைப்பட்ட பிள்ளை, சில சமயம் சீட்டே கிடைத்துவிட்ட பிள்ளை அங்கே காணாமல் போகிறது. பள்ளிப் பதிவேட்டில் 'தேர்ச்சி' என்று இருக்கும். கல்லூரிப் பதிவேட்டில் பெயரே ஏறியிருக்காது. இரண்டு பதிவேட்டிலும் இழப்புக்குக் கணக்கில்லை. ஊரில் கேட்டால், "அவனுக்குப் படிப்புல இஷ்டமில்லீங்க" என்பார்கள். ஒரு சமூகம் வெளியே தள்ளியதை அந்தப் பிள்ளையின் விருப்பமின்மையாக எழுதிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதற்குப் பெயரே உண்டு: கோடையில் கரைதல். காசில்மன், பேஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். கல்லூரிக்குப் போவதென்று முடிவெடுத்த மாணவர்களில் நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை அந்த விடுமுறையில் கரைந்துபோகிறார்கள். ஏழைகளிடம் இது இன்னும் அதிகம். அங்கே வர்க்கமும் நிறமும் கரைக்கின்றன. இங்கே சாதி கரைக்கிறது.

2024 ஜூன் 24. உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்து தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்திருந்தது. மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். பணம் புரட்டிக்கொண்டு வருவதற்குள் கெடு முடிந்தது, இடம் போனது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர் உள்ளே போக முடிந்தது. 2021இலும் இப்படித்தான். மும்பை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற தலித் மாணவர் ஒருவர், கார்டில் பணம் கட்டும்போது வந்த தொழில்நுட்பக் கோளாறால் இடத்தை இழந்தார். அவருக்கும் உச்ச நீதிமன்றம்தான் இடத்தை மீட்டுக் கொடுத்தது. டெல்லி வரை போக முடிந்ததால் இந்த இருவரும் செய்தியானார்கள். போக முடியாதவர்கள் செய்தியாவதில்லை, வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

நம் வளவில் இது எப்படி நடக்கிறது? நான் கண்ட அளவில் முதல் காரணம் காகிதம். வருமானச் சான்று காலாவதியாகியிருக்கும். முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாக அது நகரக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கலந்தாய்வுத் தேதி கடந்துவிடும். கூலிக்குப் போகிற அப்பன் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவான்?

இரண்டாவது, பணம் வருகிற வரிசை. பட்டியலின மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அண்ணல் அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தார். எண்பது ஆண்டு கடந்தும் அந்தப் பணம் பிள்ளை சேர்ந்த பிறகுதான் வருகிறது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் இதே கோவையில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் தருகிற மாதம் 1,000 ரூபாயும் அப்படித்தான். உதவி பின்னால் வருகிறது, செலவு முன்னால் நிற்கிறது. ஒரு அம்மா என்னிடம் கேட்டது: "சர்க்காரு பீஸ் கட்டுமுன்னு நீங்க சொல்றீங்க. காலேசுல மொதல்ல நீங்க கட்டுங்க, வந்தா வாங்கிக்கலாமுங்கறாங்க. நாங்க எங்கீங் தம்பி போறது?"

மூன்றாவது, ஆள் பிடிக்கிறவர்கள். ரிசல்ட் வந்த வாரமே மில் புரோக்கர் வளவுக்கு வந்துவிடுகிறார். பவுண்டரிக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆள் எடுக்கிறவர்களும் வருகிறார்கள். "ரெண்டு மாசம் லீவுக்கு மட்டும்" என்று போகிற பிள்ளை திரும்புவதில்லை. சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிற இன்னொரு புரோக்கரும் உண்டு. அவர் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால் உதவித்தொகை கிடைக்காது. இது தெரியாமல் கடனில் விழுந்த வீடுகள் உண்டு.

ஆகவே உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 2012இன் அரசாணை 92ஐ ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்க வேண்டும். கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேரும் பட்டியலின, பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவ மாணவர்களுக்கு, வருமான வரம்புக்குள் இருந்தால், நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தை அரசு ஏற்கும் என்பது அது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடம் உண்டு. அருந்ததியர் பிள்ளைகளுக்கு 2009 சட்டப்படி 18க்குள் 3 விழுக்காடு தனியாக உண்டு. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைச் சரியாகக் குறிக்காவிட்டால், போராடிப் பெற்ற உரிமை ஒரு கட்டத்துக்குள் செத்துப்போகும்.

அரசுக்கும் இந்த இழப்பு தெரியும். பாஸாகியும் சேராத பிள்ளைகளைத் தேடித்தானே 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்தினார்கள்? நல்லதுதான். ஆனால் முகாம் ஒரு நாள். நம் பிள்ளைக்குத் துணை வேண்டியது மூன்று மாதம்.

அந்தத் துணை நாம்தான். இங்கே இருக்கிற கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஐந்து பேரைப் பொறுப்பெடுங்கள். ஏப்ரலிலேயே சான்றிதழ் வேலையை முடியுங்கள். தேதிகளை வாரம் ஒருமுறை போன் பண்ணி நினைவூட்டுங்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான்: சரியான நேரத்தில் போகும் குறுஞ்செய்தியே பல பிள்ளைகளைக் கரை சேர்க்கிறது. ஒவ்வொரு வளவிலும் ஒரு சேர்க்கை நிதி வையுங்கள். முதல் நாள் கட்ட வேண்டியதை அது கட்டட்டும், உதவித்தொகை வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். முன்பணம் கேட்கிற கல்லூரிக்கு அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். நான்கு பேராகப் போங்கள், அரசாணையைக் காட்டுங்கள், மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் குரல் தணியும்.

ஒரு நோட்டு போடுங்கள். வளவில் பாஸானவர் எத்தனை பேர், விண்ணப்பித்தவர், இடம் பெற்றவர், வகுப்பில் உட்கார்ந்தவர் எத்தனை பேர் என்று நான்கு பத்தி. விடுபட்ட பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். 'இஷ்டமில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நோட்டை ஆகஸ்ட் கடைசியில் கலெக்டர் மேசையில் வைப்போம். நம் பிள்ளைகளை நாமே எண்ணாத வரை வேறு யாரும் எண்ணப் போவதில்லை.