சுரங்கவழியும் விலாசமும்

கல்லூரிக் கந்தோரின் கணினியிலுள்ள புள்ளிப் பதிவேட்டை வீட்டிலிருந்தவாறே திறக்க முனையும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீ.பி.என். எனும் மறைவான சுரங்கவழி இணைந்துவிட்டதாகத் திரை கூறுகின்றது, பதிவேடோ திறக்கவில்லை. கடவுச்சொல்லிற் பிழையென அவர் ஐயுறுகின்றார். பிழை அங்கன்று, விலாசத்திலே உள்ளது.

சுரங்கவழியிற் புகும் கணினிக்கு இரு ஐ.பி. விலாசங்கள் உண்டு. ஒன்றை வீட்டு ரவுட்டர் வழங்கும். மற்றையதை வீ.பி.என். சேவையகம் தன் தொகுதியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஓப்பின் வீ.பி.என். மென்பொருளின் மாதிரி அமைப்பிலே அத்தொகுதி 10.8.0 எனத் தொடங்கும். 10.8.0.1 என்பதைச் சேவையகம் தனக்கென வைத்துக்கொண்டு, ஏனையவற்றை வருவோர்க்குப் பகிரும். விடுதி அறைபோல, ஒருவர் விட்டுச்சென்றது பின்னர் இன்னொருவருக்குக் கிடைக்கலாம். வேண்டின் ஒருவருக்கு நிலையாக ஒன்றை ஒதுக்கவும் கூடும்.

இடர் யாதெனின், வீட்டு ரவுட்டர்கள் பல 192.168.1 என்னும் தொடரையே கொண்டுள்ளன. கந்தோரிலும் அதே தொடராயின், அங்குள்ள 192.168.1.20 என்னும் கணினியை ஆசிரியரின் கணினி பெரும்பாலும் தன் வீட்டுக்குள்ளேயே தேடும், சுரங்கவழியை நாடாது.

1996 இல் வெளியான ஆர்.எப்.சி. 1918 என்னும் ஆவணத்தின்படி, தனியார் வலைப்பின்னல்களுக்கு மூன்று தொடர்கள் உள்ளன. 10 எனத் தொடங்குவதில் மட்டும் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட விலாசங்கள். இத்தனை இடமிருக்க, எல்லோரும் ஒரே மூலையில் நெருக்கியடிப்பது விந்தையன்றோ! ஆதலின் கந்தோருக்கும் சுரங்கவழிக்கும், 10.73.40, 10.73.41 போன்று, பிறர் எளிதில் எடுக்காத வெவ்வேறு தொடர்களைத் தொடக்கத்திலேயே தெரிவுசெய்தல் வேண்டும். பின்னர் மாற்றப் புகின், அச்சுப்பொறி முதலாகப் பலவற்றின் விலாசங்களையும் திருத்த நேரும். அதற்கு ஒரு தவணை விடுமுறையே வேண்டியிருக்கும்.