துணி பார்த்த கண்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் துணி வியாபாரம் புதிதல்ல. கைலியை விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே இழையையும் சாயத்தையும் சொல்லிவிடும் வாப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட கண் வாய்த்த வேறொரு துணி வியாபாரியைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

செர்கேய் ஷூகின் 1854இல் பிறந்தவர். மாஸ்கோவில் குடும்பத் துணி வணிகத்தை நடத்தினார். எந்தப் பூவேலை எடுபடும், எந்த நிறம் எந்த நிறத்தோடு சேரும் என்பதே அவருடைய அன்றாடப் பாடம். அந்தக் கண்ணோடுதான் பாரிஸ் சென்று ஓவியங்களை வாங்கினார். முதலில் மோனே, பிறகு செசான், கோகன், அதன்பின் பலரும் ஏளனம் செய்த மத்தீஸ், பிக்காசோ.

மத்தீஸும் நெசவு ஊரில் வளர்ந்தவரே. ஷூகினின் சாப்பாட்டு அறைக்கென 1908இல் அவர் தீட்டிய ஓவியத்தில், மேசை விரிப்பின் பூவேலை அப்படியே சுவரிலும் ஏறிப் படர்கிறது. முதலில் நீலமாக இருந்த படத்தைச் சிவப்பாக மாற்றிவிட்டார் மத்தீஸ். ஷூகின் அதையும் ஏற்றுக்கொண்டார். துணியை அறிந்தவருக்குத் துணியை அறிந்தவரின் வேலை புரிந்தது.

அந்த ஆண்டுகளில்தான் மனைவியையும் இரு மகன்களையும் அவர் இழந்தார். ஊராரும் சிரித்தார்கள். ஆனாலும் அவர் கதவை அடைக்கவில்லை. வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, வந்தவர்களுக்குத் தாமே படங்களைக் காட்டி விளக்கினார். இளம் ரஷ்ய ஓவியர்களுக்கு அந்த வீடே பள்ளிக்கூடமாயிற்று.

1918இல் புதிய அரசு அத்தனையையும் எடுத்துக்கொண்டது. நாட்டைவிட்டு வெளியேறிய அவர் 1936இல் பாரிஸில் காலமானார். கடையும் போயிற்று, வீடும் போயிற்று. அவர் சேர்த்த 250க்கும் மேற்பட்ட ஓவியங்களில் பெரும்பகுதி இன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்திலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டேஜிலும் இருக்கிறது. அவற்றில் ஒரு பகுதி 2016இல் பாரிஸுக்கு வந்தபோது, 12 லட்சம் பேர் சென்று பார்த்தார்கள்.

அன்பர்களே, நம்மிடம் மத்தீஸ் இல்லை. ஆனால் மலாய்க்காரர்கள் ‘காயின் பெலிக்காட்’ என்று சொல்லும் கைலி, சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரைச் சுமக்கிறது. அதைத் தோளில் சுமந்து விற்ற பெரியவர்களின் கணக்குப் புத்தகம், அளவுகோல், கடைச் சீட்டு, ஒரு பழைய கைலி ஆகியவை நம் வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கலாம். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதாம்.

இந்தப் பொன்விழா ஆண்டில் வீட்டுக்கு ஒரு பொருளையாவது காப்போம். அது யாருடையது, எந்தக் கடையில் இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துவைப்போம். சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.